கடைசியில் இன்று 28 மீட்டர்!

பல்கலைக்கழக வில்வித்தைக் குழுவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. இன்றுதான் நிஜ இலக்கைப் பார்த்து எய்ய விட்டார்கள்.

முதல் மாதம் முழுக்க ரப்பர் கட்டிய ஒரு குச்சிதான் கையில். அதை இழுத்து இழுத்தே கியூதோவின், அதாவது ஜப்பானிய வில்வித்தையின், எட்டு நிலைகளையும் பழக வேண்டும். காலை அகட்டி நிற்பதற்கே தனியாக ஒரு நிலை! அப்புறம் வைக்கோல் உருளை. இரண்டே மீட்டர் தூரம், தவறவே முடியாது. குறியை மறந்து உடம்பை மட்டும் கவனிக்கத்தான் அந்த ஏற்பாடு.

வில் என்னைவிட உயரம், 2 மீட்டர் 21 சென்டிமீட்டர். பிடி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். நாணைக் காதுக்குப் பின்னால் வரை இழுக்க வேண்டும். இரண்டு முறை நாணிடம் கன்னத்தில் அறை வாங்கினேன். ஒருமுறை மூக்குக்கண்ணாடியே பறந்தது. சிரிக்காத ஒரே ஆள் சென்செய், எங்கள் ஆசிரியர்தான். "தோள்" என்று மட்டும் சொன்னார். என் ஜப்பானிய மொழி அறிவுக்கு அதுவே வசதி.

சரி, இன்றைய கதை. இலக்கின் விட்டம் 36 சென்டிமீட்டர். 28 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் சட்டைப் பொத்தான் மாதிரி தெரிகிறது. என் அம்பு பாதி வழியிலேயே புல்லில் சறுக்கிப் படுத்துக்கொண்டது. எய்த பிறகும் கையை இறக்காமல் அப்படியே நிற்க வேண்டும்; ஸான்ஷின் என்பார்கள். படுத்துக் கிடக்கும் அம்பைப் பார்த்தபடி முகம் மாறாமல் நிற்பது இருக்கிறதே!

அம்பைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்த முதலாமாண்டுப் பையன், "நன்றாகப் பறந்தது" என்றான். பச்சைப் பொய். நாளைக்கும் போகிறேன்.