துதிக்கை வைத்த லை

சென்ற ஆடி மாதம் தங்கச்சி ஊரிலிருந்து போன் செய்தாள். "ஒண்ணாப்பு டீச்சர் தவறிட்டாங்கண்ணே" என்றாள். பெயரைச் சொல்லவில்லை. நம் பள்ளியில் படித்த யாருக்கும் சொல்ல வேண்டியதுமில்லை. ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நம் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தில் மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். இந்த வருடம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1980 ஜூன். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிற மாதம். அழுதுகொண்டே போய், டீச்சர் பரப்பிவைத்த மணலில் விரல் வைத்தோம். கடற்கரை மணல்தான், சிப்பி சங்கெல்லாம் சலித்து எடுத்தது. காய்ந்த மணலில் எழுத்து நிற்காது, எழுத எழுதச் சரிந்து மூடிக்கொள்ளும். அதனால் டீச்சர் சொம்புத் தண்ணீரைக் கையில் அள்ளி லேசாகத் தெளிப்பார். ஈரம் பட்டதும் மணல் விரலுக்கு அடங்கும். நம் விரலைப் பிடித்து அவர் போட்ட சுழி, கையை எடுத்த பிறகும் அப்படியே நிற்கும்.

ஏப்ரலில் பள்ளி மூடும்போது நமக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது! உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 எழுத்து. நூறு வரைக்கும் எண். சிப்பிகளை வைத்துக் கூட்டல், கழித்தல். எழுத்துக் கூட்டி ஒரு பக்கத்தை வாசிப்பது. பத்தே மாதத்தில் இவ்வளவையும் ஒரு மனுஷி நமக்குள் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு நான் ஐ.டி.ஐ. படித்தேன், வெளிநாடு வந்து எத்தனையோ பயிற்சி முடித்தேன். அந்தப் பத்து மாதத்துக்கு எதுவும் ஈடில்லை.

ஆனால் எனக்கு அந்த வருடம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு கடுதாசி.

அப்பா நாகப்பட்டினத்தில் 'சிதம்பரம்' என்ற பயணிகள் கப்பல் ஏறி சிங்கப்பூர் போனவர். மாதம் ஒரு கடுதாசி வரும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கடுதாசியை மடியில் கட்டிக்கொண்டு, வாசிக்கத் தெரிந்தவர் வீட்டு வாசலில் போய் நிற்பாள். புருஷன் எழுதியதை இன்னொரு வீட்டு ஆம்பளை வாயால் கேட்பது அவளுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்பது எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் புரிந்தது. அந்த மார்ச் மாதக் கடுதாசி வந்ததும், "இனிமே எம் மகன் வாசிப்பான்" என்று சொல்லித் திண்ணையில் என்னை உட்கார வைத்தாள். அடுத்த வீட்டு அயித்தையும் வந்து உட்கார்ந்தாள்.

"நலம், நலமறிய ஆவல்" வரைக்கும் சரியாகத்தான் வாசித்தேன். அடுத்த சொல்லில் 'வே' தெரிந்தது. அதன் பக்கத்தில் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓர் எழுத்து நின்றது. அப்படி ஓர் எழுத்தை நான் பார்த்ததே இல்லை. அடுத்த வரியிலும் அதே துதிக்கை. வேலை, பரவாயில்லை, கவலைப்பட வேண்டாம், பிள்ளைகளை... நாலே வரியில் ஐந்து இடத்தில் நின்றுவிட்டேன். அயித்தை, "பாவம், சின்னப்புள்ள" என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடுதாசியை மடித்து மடியில் செருகிக்கொண்டு எழுந்து போனாள். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

விஷயம் இதுதான். பெரியார் 1935லேயே தன் குடி அரசு இதழில் பயன்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை, எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணையாகப் போட்டது. ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை போன்ற பழைய வளைவை விட்டு, இப்போதைய ஐகாரக் கொம்புக்கு மாறின. ணா, றா, னா மூன்றுக்கும் தனிக்கால் வந்தது. ணொ, ணோ வகையில் ஆறு. மொத்தம் 13 எழுத்து மாறியது. நாம் படித்தது புது எழுத்து. அப்பாக்கள் எழுதியது பழசு.

மறுநாள் டீச்சரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பரீட்சை முடியட்டும்" என்றார். மேசைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்க வைக்கும் பரீட்சை முடிந்த மறுநாள், அப்பா வெளிநாட்டில் இருக்கிற எங்கள் நாலு பேரை மட்டும் பூவரச மரத்தடிக்குக் கூட்டிப்போனார். மணலில் புது லை எழுதி, பக்கத்திலேயே பழைய லை எழுதினார். "ரெண்டும் ஒண்ணுதான். இது உங்க எழுத்து, அது உங்க அப்பா எழுத்து. ரெண்டும் தெரியணும்." ஐந்து நாளில் பதின்மூன்றும் வந்துவிட்டது. பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். பள்ளி மூடிய அன்று சாயங்காலம், மடித்து மடித்து ஓரம் கிழிந்த அதே கடுதாசியை அம்மாவுக்கு முழுசாக வாசித்தேன். "இன்னொரு தரம் வாசி" என்றாள். ராத்திரி விளக்கு வைத்த பிறகு இன்னொரு தரம்.

1994ல் நானும் கிளம்பிவிட்டேன். சிதம்பரம் கப்பல் அப்போது இல்லை, விமானம்தான். வீட்டுக்குப் போன் வரும் வரைக்கும் மாதம் ஒரு கடுதாசி எழுதினேன், அம்மாவிடமிருந்து பதிலும் வரும். தங்கச்சி கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்விட்டாள். யார் வாசித்துக் காட்டுகிறார்கள், யார் பதில் எழுதுகிறார்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அதை அன்று போனில் தங்கச்சிதான் சொன்னாள். "உன் கடுதாசியெல்லாம் டீச்சர்தானே அம்மாவுக்கு வாசிப்பாங்க, தெரியாதாண்ணே?"

அன்று ராத்திரி பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். அம்மாவிடமிருந்து வந்த பதில்களில் மூன்று கடுதாசி மிஞ்சியிருக்கிறது. 'உன் வேலை எப்படி இருக்கிறது' என்பதில் வேலைக்குத் துதிக்கை. 'கவலை'க்கும் துதிக்கை. நமக்குப் புது எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர் தன் கைக்குப் பழசையே வைத்திருந்திருக்கிறார். கரும்பலகையிலும் மணலிலும் மட்டுமே அவர் எழுத்தைப் பார்த்த எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு கடுதாசியின் கடைசியில், 'பிழை இல்லாமல் எழுதுகிறாய், சந்தோஷம்' என்று ஒரு வரி. எழுத்தே தெரியாத அம்மா அதை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

என் கடுதாசிகளில் அயித்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். மாமாவை, சித்தப்பா மக்களை, வலை பின்னுகிற தாத்தாவை எல்லாம் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டீச்சரை ஒருதரம்கூடக் கேட்டதில்லை. ஒவ்வொன்றையும் அவர்தான் கடைசி வரி வரைக்கும் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்திருக்கிறார்.