காரைக்குடியின் 300 ஏக்கர்

வள்ளல் அழகப்பச் செட்டியாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் கல்லூரிகளையும் பல்கலைக்கழகத்தையுமே குறிப்பிடுகிறார்கள். அவருடைய கொடைகளுள் தலையாயது, அவர் பெயரைத் தாங்காத மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே என்பது என் எண்ணம். காரைக்குடிக்காரர்கள் அதைச் சுருக்கமாகச் 'சிக்ரி' என்பார்கள்.

1909இல் கோட்டையூரில் நகரத்தார் குடும்பத்தில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலை முடித்து, லண்டனில் சட்டம் பயின்று, அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். மலேயாவில் ரப்பர்த் தோட்டம், திருச்சூருக்கு அருகே துணி ஆலை, பின்னர் விமான நிறுவனம் எனத் தொழில்கள் பெருகின. அந்த ஆலையைச் சுற்றி எழுந்த ஊர் இன்றும் அழகப்பநகர்தான்.

கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுப்பது நகரத்தார் மரபு. அழகப்பரோ 1944இலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 5 லட்சம் ரூபாய் தந்தவர். செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் 1947 ஜூலையில் ஒரு மேடையில் கேட்டபோது, அந்த இடத்திலேயே எழுந்து இசைவு தெரிவித்தார். ஆறு வாரங்கள்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 11ஆம் நாள் காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி நடக்கத் தொடங்கிவிட்டது. கட்டடம் எழும்பட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

சிக்ரிக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பெருநகரங்களுக்குப் போயிருக்கக்கூடிய ஒரு தேசிய ஆய்வகம், மழை குறைந்த செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கு வந்ததற்கு இந்தக் கொடையே காரணம். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நிலையம் அரசுடையது, அதை நடத்தும் உரிமை எதையும் கொடையாளர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. கல்லூரியைத் தம் பெயரில் தொடங்கியவர் இதை இப்படி விட்டுக்கொடுத்ததுதான் என்னை மிகவும் கவர்கிறது.

இத்தனையும் தொழுநோயின் துன்பத்துக்கு இடையே நடந்தவை. 1956இல் பத்மபூஷண் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், 48 வயது நிறைவதற்கு முன்பே மறைந்தார். அவருடைய கல்லூரிகளிலிருந்து வளர்ந்த பல்கலைக்கழகம் 1985இல்தான் உருவாயிற்று. மின்கலங்கள், மின்முலாம் பூச்சு, உலோக அரிமானம் ஆகியவற்றைச் சிக்ரி இன்றும் ஆராய்கிறது. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதைக் கவனிக்க மண்டபம் கடற்கரையிலும் அதற்கு ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது.