கண் போன ஊரும் கண் வந்த ஊரும்

அம்மாவுக்குத் திருவாரூர். அப்பாவுக்குத் திருவொற்றியூர், காலடிப்பேட்டை. கல்யாணமான நாளிலிருந்து இவர்களுக்குள் ஓயாமல் நடக்கிற வழக்கு, எந்த ஊர்த் தியாகராஜர் பெரியவர் என்பதுதான். "சுந்தரருக்குக் கண்ணு போனது உங்க ஊர்ல, வந்தது எங்க ஊர்ல" என்று அம்மா ஒரு போடு போடுவாள். சிவனுக்குத் தோழரான சுந்தரர், ஒற்றியூரில் சங்கிலியாரை மணந்து, பிரிய மாட்டேன் என்று செய்த சத்தியத்தை மீறியதால் கண்ணிழந்த கதை அது. அப்பா அதற்குப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

போன வருஷம் அப்பாவுக்கே கண் மங்கிவிட்டது. புரை என்று தெரிந்தும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது என்ற நிலைக்கு வந்துவிட்டார். முப்பத்தெட்டு வருஷம் டர்னராக லேத்தில், அதாவது கடைசல் மிஷினில், நின்ற மனுஷர், சட்டைப் பித்தானைத் தடவிப் பார்த்துப் போட்டுக்கொண்டார். திருவாரூரில் சுந்தரருக்குக் கிடைத்ததும் வலது கண்தான். அம்மா விடுவாளா? இரண்டு ஊருக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆவணியில் திருவாரூர் போய் வந்தோம். ஒற்றியூர்க் கடன் பாக்கி இருந்தது. அதுவும் ஒற்றியூர் மூலவரின் கவசத்தை வருஷத்துக்கு ஒரு தடவை, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டித் திறக்கிற மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டிய கடன்.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் அம்பத்தூரிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பினேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். பாதியில் இறங்கி மெட்ரோ பிடித்துத் தேரடியில் வந்து சேர்ந்தால், அப்பாவும் அம்மாவும் எனக்கு முன்பே ஒரே குடைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா கையில் எண்ணெய்த் தூக்கு. கோயிலில் விளக்கெரித்தே நாயனாரான கலிய நாயனார் ஊரில் எண்ணெய் இல்லாமல் கோயிலுக்குள் நுழைய மாட்டாள்.

வரிசை வெளி வீதியைத் தாண்டி வளைந்து போயிருந்தது. செருப்பு வைக்கிற இடத்திலேயே ஒரு ஆள் அம்மாவைப் பிடித்துக்கொண்டான். "பெரியவருக்குக் கண்ணு ஆபரேஷனா? ஐந்நூறு குடுங்கம்மா, பத்தே நிமிஷத்துல சாமி முன்னாடி நிறுத்தறேன்." அப்பாவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தே விலை வைத்துவிட்டான். எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் நாலு மணி நேரம் நிற்க வேண்டுமே என்று கை தானாகப் பர்ஸுக்குப் போனது உண்மை. அப்பாதான் தடுத்தார். "லைன்லயே போலாம். எத்தனையோ நைட் ஷிப்ட் நின்னவன்தானே நான்."

நின்றோம். முன்னால் ஒருவர் போனில் யாருக்கோ நேரலை காட்டிக்கொண்டே நகர்ந்தார். பின்னால் ஒரு கும்பல், யாரோ இடம் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லி எட்டுப் பேராக உள்ளே புகுந்தது. தூக்கிலிருந்து எண்ணெய் வழிந்து என் புடவையெல்லாம் பிசுக்கு. சரி, இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன், இரண்டு மணி நேரம் கழித்து இதில் ஒன்றுகூட மனசில் இல்லை.

சந்நிதி வாசலை நெருங்கும்போதே வாசனை வந்துவிட்டது. புனுகும் சாம்பிராணித் தைலமும் கலந்த, கொஞ்சம் காரமான, வேறெங்கும் கிடைக்காத வாசனை. அந்த இருட்டில், விளக்கு வெளிச்சத்தில், படம்பக்கநாதர் என்கிற ஆதிபுரீஸ்வரர். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருக்கிறவர் புற்றாகவே, தைலம் பூசிய கரிய மேனியாக நின்றார். நான் கும்பிட மறந்து அப்பாவைப் பார்த்தேன். அவரும் கை கூப்பவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகை முன்னால் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்வார்களே, அந்த மாதிரி. வலது கண்ணால் மட்டும் பார்த்தார்.

"தெரியுதாங்க?" என்றாள் அம்மா.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சொரசொரன்னு இருக்காருடி. மேடு பள்ளம் எல்லாம் தெரியுது" என்றார்.

என் அப்பனே, படம்பக்கநாதா, எங்களுக்கு இது போதும். அம்மா வாய்விட்டு அழுதுவிட்டாள். "நகருங்க, நகருங்க" என்று தள்ளிக்கொண்டிருந்தவர்கூட ஒரு நொடி கையை எடுத்துக்கொண்டார். அதுவும் அவன் செயல்தான். சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துவிட்டு மீறிய தோழனுக்கே கண்ணைத் திருப்பித் தந்தவன், ஒரு டர்னருக்குத் தர மாட்டானா?

வடிவுடையம்மனைப் பார்த்தது, வட்டப்பாறையம்மன் சந்நிதியில் நெரிசலில் மாட்டியது, மகிழ மரத்தைச் சுற்றியது எல்லாம் கலங்கலாகத்தான் நினைவிருக்கிறது. ஆனால் கருவறையைச் சுற்றி வரும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பின்பக்கம் வந்ததும் அப்பா நின்றுவிட்டார். அங்கே சுவர் மூலை திரும்பாது. யானை படுத்திருக்கும்போது பின்புறம் எப்படி உருண்டிருக்கும், அப்படி வளைந்து அடுத்த பக்கத்தோடு சேரும். தூங்கானை மாடம். தொண்டை மண்டலத்துக்கே பிடித்த வடிவம் இது. திருமுல்லைவாயிலில் மாசிலாமணி ஈசுவரருக்கு இதே வடிவம், திருத்தணியில் அபராஜித பல்லவர் காலத்து வீரட்டானேசுவரருக்கும் இதே வடிவம். மாமல்லபுரத்தில் நகுல சகாதேவ ரதத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கல் யானையைச் செதுக்கி, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள் என்று விட்டிருக்கிறார்கள்.

அம்மா வழக்கமாக இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டாள். தஞ்சாவூர் விமானம் இருநூறு அடிக்கு மேல், சதுரமாக, கணக்காக ஏறுகிறது, உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்பாள். அப்பாவிடம் அதற்கு ஒரு ஆள் இருந்தார்: ரவி. முதலாம் ராஜேந்திர சோழர் காலத்தில், இங்கிருந்த மடத்துச் சதுரானன பண்டிதர் சொல்லி, இந்த விமானத்தைக் கருங்கல்லில் எழுப்பியவர் வீரசோழத் தச்சன் என்கிற ரவி. கல்வெட்டிலேயே பேர் இருக்கிறது. அப்பா அவரை அதே கம்பெனியில் பக்கத்து மிஷினில் நின்ற ஆள் மாதிரிதான் பேசுவார். "நம்ம ரவிக்கு லேத் கிடையாது, வெர்னியர் கிடையாது. ஒவ்வொரு கல்லையும் தனித்தனியா வளைச்சு வெட்டணும். ஒரு நூல் பிசகினா அடுத்த கல்லு உக்காராது. எல்லாம் உளியும் நூல்கயிறும்."

அன்றைக்கும் அதையேதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சுவருக்குப் பக்கத்தில் குனிந்து, மறுபடி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரின் அடிவரிசையில் குமுதம் என்கிற உருண்ட கல்வரி வளைந்து போகிற கோட்டோடு பார்வையை ஓட்டினார். லேத்திலிருந்து எடுத்த ஜாப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாரே, அதே குனிவு. கூட்டம் முதுகில் இடித்துக்கொண்டே போனது. யாரோ திட்டினார்கள். இரண்டு கல் சேருமிடத்தில் விரலை வைத்தார்.

"இதோ இருக்கு பாரு இணைப்பு. போன வருஷம் வந்தப்போ இது எனக்குத் தெரியல."

அம்மா அந்த இடத்தையே பார்த்தாள். பிறகு தன் விரலையும் அவர் விரலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நல்லாத்தான் வளைச்சிருக்கான்" என்றாள்.

முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவை! அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். வழக்கு ஜெயித்த சிரிப்பு.

வெளியே வந்தால் செருப்பு இல்லை, மூன்று ஜோடியும். மழைத் தண்ணீரில் வெறுங்காலோடு தேரடி வரைக்கும் நடந்தோம். மெட்ரோ படிக்கட்டு வந்ததும் அம்மா ஈரக் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"கட்டச் சொன்னது யாரு? எங்க பக்கத்து ராஜாதானே."