சுவிஸ் காட்டில காளான் எடுக்க விருப்பமா, ஸ்பொஞ் காளானில தொடங்குங்கோ

செப்டெம்பர் வந்தா பேர்ண் பக்கத்தில சனி ஞாயிறு காலமை கூடையோட காட்டுக்குள்ள போற சனத்தை நீங்களும் கண்டிருப்பீங்கள். எங்கட ஆக்கள் கனபேர் இருபது முப்பது வருசமா இஞ்ச இருந்தும் காட்டுக்குள்ள நடந்திட்டு வாறதோட சரி, பிடுங்கினா பொலிஸ் பிடிக்கும், ஆற்றையோ காணி எண்டு ஒரு பயம். அந்தப் பயம் தேவையில்லை. சுவிஸ் சிவில் சட்டத்தின்ர 699ம் பிரிவு, 1912ல இருந்து நடைமுறையில இருக்கிறது, காடு ஆற்றையா இருந்தாலும் ஊர் வழமைப்படி ஆரும் உள்ள போகலாம், காட்டுப்பழமும் காளானும் எடுக்கலாம் எண்டு சொல்லுது. ஆற்ற கையில என்ன விசா எண்டு அதில கேள்வியே இல்லை. அளவு மட்டும் கன்டோனுக்கு கன்டோன் (இந்த நாட்டின்ர மாநிலங்கள்) மாறும், பேர்ண்ல ஒரு நாளைக்கு ஆளுக்கு ரெண்டு கிலோ, சூரிச்ல ஒரு கிலோ, சில கன்டோன்ல மாசத் தொடக்கத்தில கொஞ்ச நாள் பிடுங்கவே கூடாது, ஆனபடியா போக முதல் உங்கட கன்டோன் விதியை ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ.

சட்டப் பயம் போனாலும் நஞ்சுப் பயம் இருக்கத்தான் வேணும். அதுவும் எங்களுக்குக் கூடுதலா இருக்க வேணும், ஏனெண்டா ஊர்ல மழைக்குப் பிறகு புற்றடியிலயும் வைக்கோலிலயும் முளைச்சதைப் பிடுங்கிச் சமைச்ச அனுபவம் இஞ்ச உதவாது, ஆளையே கொல்லும். ஆசிய நாடுகள்ல சாப்பிடுற வைக்கோல் காளான்ர அடியில ஒரு பை மாதிரி உறை இருக்கும், இஞ்சத்த ஆகக் கொடிய காளான், டொச்ல க்னோலன்பிளேற்றர்பில்ஸ் எண்டுறது, அதுக்கும் அடியில அதே மாதிரி உறைதான். குஞ்சா இருக்கேக்க ரெண்டும் ஒண்டு போலவே இருக்கும். அவுஸ்திரேலியாவிலயும் அமெரிக்காவிலயும் ஆசியாவில இருந்து போன ஆக்கள் இப்பிடி மாறிச் சாப்பிட்டு செத்துப்போயிருக்கினம். அந்த நஞ்சு அவிச்சாலும் பொரிச்சாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணித்தியாலத்துக்கு மேல ஒண்டும் தெரியாது, பிறகு சத்தியும் வயித்தோட்டமும், அதுக்குப் பிறகு சுகம் வந்த மாதிரி ஒரு நாள், அந்த நேரத்திலதான் உள்ளுக்க ஈரல் அழிஞ்சுகொண்டிருக்கும்.

அதாலதான் புதுசாத் தொடங்கிற ஆக்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்றது, தொப்பியைத் திருப்பிப் பாருங்கோ. கீழ்ப்பக்கம் கத்தி விளிம்பு மாதிரி தகடு தகடா இருந்தா அப்பிடியே விட்டிட்டு நடவுங்கோ. ஸ்பொஞ் மாதிரி நுண்ணிய ஓட்டையள் இருந்தா அது ரோர்லிங் கூட்டம், அதில மட்டும் படியுங்கோ. நான் மேல சொன்ன அந்தக் கொலைகாரக் காளானுக்குத் தகடுதான், ஸ்பொஞ் இல்லை. ஸ்பொஞ் கூட்டத்துக்குள்ளயும் வயித்தைக் கலக்கிறது இருக்கு, ஆனா அந்த அளவு ஆபத்தில்லை.

இந்தக் கூட்டத்தின்ர ராசா ஸ்டைன்பில்ஸ். எமெந்தால் பக்கம் ஊசியிலை மரக் காட்டில, சூடான மழை பெஞ்சு ஒரு கிழமை பத்து நாளில வரும், பீச், ஓக் மரத்தடியிலயும் வரும், ஏனெண்டா அதின்ர வேர்நார் மரத்தின்ர வேரோட சேந்துதான் சீவிக்கும், மரம் இல்லாமல் அது இல்லை. கையில எடுத்தா பாரமா இருக்கும். தொப்பி மண்ணிறம், ஓரத்தில மெல்லிய வெளிறின கோடு. ஸ்பொஞ் குஞ்சில வெள்ளை, பிறகு மஞ்சள், முத்தினா பச்சை கலந்த மஞ்சள். தண்டு அடியில பருத்திருக்கும், அதின்ர மேல்பகுதியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாருங்கோ, மெல்லிய வெள்ளை வலை ஒண்டு விரிச்சிருக்கும். வெட்டினா உள் சதை வெள்ளையா அப்பிடியே நிக்கும், நிறம் மாறாது.

அந்த வலையை வடிவாப் பாக்கிறது ஏனெண்டா, பக்கத்திலயே கல்லன்ரோர்லிங் எண்டு ஒண்டு நிக்கும், தூரத்தில பாத்தா அச்சு அசல் ஸ்டைன்பில்ஸ்தான். அதின்ர வலை கடும் மண்ணிறம், தண்டை விடக் கறுப்பாத் தெரியும். முத்தினா ஸ்பொஞ் ரோஸ் நிறத்துக்குப் போகும். ஆளைக் கொல்லாது, ஆனா சரியான கைப்பு, ஒண்டே ஒண்டு சட்டிக்குள்ள போனாலும் முழுக்கறியும் குப்பைக்குத்தான். சந்தேகம் எண்டா ஒரு சின்னத் துண்டை நாக்கு நுனியில வைச்சுப் பாத்து உடனை துப்புங்கோ, ஆனா இது சிவப்பு ஸ்பொஞ் உள்ளதில செய்யக் கூடாது.

அடுத்தது மரோனன்ரோர்லிங். செஸ்ட்நட் நிறத் தொப்பி, தண்டில வலை கிடையாது, ஸ்பொஞ்சை விரலால அமத்தினா நீலமாகும். நீலமானா நஞ்சு எண்டு கனபேர் எறியிறவை, அது பிழை, நல்ல ருசியான காளான். ஒரு விசயம் மட்டும், 1986 செர்னோபில் அணு உலை விபத்தில விழுந்த கதிர்வீச்சுள்ள சீசியத்தை இந்த இனம் கூடுதலா உறிஞ்சி வைச்சிருக்கும், ஆனபடியா கிழமைக்குக் கிழமை கிலோ கணக்கில சாப்பிடாமல் அளவா வைச்சுக்கொள்ளுங்கோ.

சிவப்பு ஸ்பொஞ் எண்டா முதல் வருசங்களில தொடாதேங்கோ. அதில ஹெக்சன்ரோர்லிங் நல்லா அவிச்சா சாப்பிடலாம், ஆனா யூரா மலைப்பக்கச் சுண்ணாம்பு மண்ணில வாற சாட்டான்ஸ்ரோர்லிங், சாம்பல் வெள்ளைத் தொப்பியும் பருத்த சிவப்புத் தண்டும், அதைத் திண்டா மணித்தியாலக் கணக்கா சத்திதான்.

இதெல்லாம் வாசிச்சாப் போதாது. ஃபோன் ஆப்பை நம்பியோ வட்ஸ்அப் குறூப்பில படம் போட்டு கேட்டோ ஆரும் சமைக்காதேங்கோ, இதில எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. இந்த நாட்டில பில்ஸ்கொன்ட்ரோல எண்டு ஒரு அருமையான வசதி இருக்கு, சோதனை எழுதிப் பாஸ் பண்ணின ஆக்கள் கொமூனுக்காக (ஊர் நிர்வாகம்) இருந்து நீங்கள் கொண்டுபோறதை ஒவ்வொண்டா எடுத்துப் பாப்பினம், கனக்க இடத்தில இலவசம். வாப்கோ எண்ட அவையின்ர சங்கம் 1925ல இருந்து இருக்கு, அவையின்ர இணையத்தில பக்கத்து நிலையத்தைப் பாக்கலாம். எனக்கு டொச் சரளமா வராத காலத்திலயே, அங்க இருந்த வயசான அம்மா கத்தியால நடுவில பிளந்து, மணக்கச் சொல்லி, வலையை நகத்தால தொட்டுக் காட்டி விளங்கப்படுத்தினவா. நான் எந்தக் கோர்ஸ்லயும் அவ்வளவு படிக்கேல்லை. அவைக்கு முழுக் காளான் வேணும், அடியோட மெல்லத் திருகி எடுங்கோ, சொப்பிங் பையில போட்டா வேர்த்துப் பழுதாகும், கூடையில கொண்டுபோங்கோ. தெரியாத ஒண்டைத் தெரிஞ்சதோட கலக்காமல் பிறிம்பா வையுங்கோ.

சமையல் எங்கட கைப்பக்குவம்தான், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கடைசியில மிளகுத்தூள், தேங்காய்ப்பால் விட்டாலும் நல்லாயிருக்கும். கழுவாமல் துணியால துடையுங்கோ, குறைஞ்சது கால் மணித்தியாலம் அடுப்பில வையுங்கோ, பச்சையாச் சாப்பிட வேண்டாம். மிஞ்சினதை மெல்லிசாச் சீவிக் காயவிட்டா குளிர்காலம் முழுக்க வரும்.

சாப்பிட்டு ஏதும் வித்தியாசமா இருந்தா நிண்டு யோசிக்காமல் 145க்கு அடியுங்கோ, அது நஞ்சுக்கான அவசர இலக்கம், இரவு பகல் எந்த நேரமும் எடுப்பினம். மிச்சக் கறியையும் துப்புரவாக்கின துண்டுகளையும் எறியாமல் வையுங்கோ, என்ன காளான் எண்டு கண்டுபிடிக்க அதுதான் உதவும்.