பத்திரம் பதிந்த பிறகுதான் வேலை

அமெரிக்காவில் பல ஊர்களில் லேண்ட் டிரஸ்ட் என்று ஓர் அமைப்பு இருக்கும். காடு, புல்வெளி, சதுப்பு நிலம், விளைநிலம் என எதையும் பிளாட் போட்டு விற்றுவிடாமல் காப்பது அதன் வேலை. 1891இல் மாசசூசெட்ஸில் சார்லஸ் எலியட் முயற்சியால் உருவான டிரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ்தான் இவற்றுக்கெல்லாம் முன்னோடி. பெரும்பாலும் இவை லாப நோக்கமில்லாத தனியார் அமைப்புகள். யாருடைய நிலத்தையும் கட்டாயமாக எடுக்கும் அதிகாரம் கிடையாது. விலைக்கு வாங்கலாம், தானமாகப் பெறலாம். இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்.

இதில் நிலம் உரிமையாளர் பேரிலேயே இருக்கும். விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் பிரிக்கும் உரிமை, கட்டும் உரிமை, மண் தோண்டும் உரிமை போன்றவற்றை நிரந்தரமாக விட்டுக்கொடுத்துவிடுவார். டிரஸ்டுக்குக் கிடைப்பது அந்தத் தடைகளை அமல்படுத்தும் உரிமை மட்டும். பத்திரம் பதிவானதும் அது நிலத்தோடு ஒட்டிக்கொண்ட வில்லங்கம்; அடுத்து யார் வாங்கினாலும் கட்டுப்பட்டாக வேண்டும்.

தானமாகக் கொடுத்தால் வருமான வரியில் கழிவு உண்டு. ஈஸ்மென்டுக்கு முன் நிலத்தின் மதிப்பு 10 லட்சம் டாலர், பின் 6 லட்சம் என்றால், 4 லட்சம்தான் தானம். கூட்டாட்சி வரிச் சட்டப்படி ஓர் ஆண்டு வருமானத்தில் 50 சதவீதம் வரை கழிக்கலாம். விவசாயமே முக்கிய வருமானம் என்றால் 100 சதவீதம் வரை. மிச்சத்தை அடுத்த 15 ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். மதிப்பீட்டை தானத் தேதிக்கு 60 நாளுக்கு மேல் முன்னதாகச் செய்திருந்தால் செல்லாது.

பலரும் வழுக்கி விழுவது அடமானத்தில்தான். வங்கிக் கடன் முன்னால் பதிவாகி, ஈஸ்மென்ட் பின்னால் வந்தால், கடன் கட்டாமல் நிலம் ஏலத்துக்குப் போகும்போது ஈஸ்மென்டும் சேர்ந்தே அழிந்துபோகும். அதனால் வங்கி தன் உரிமையை ஈஸ்மென்டுக்குக் கீழ்ப்படுத்தி எழுதிக் கொடுத்து, தானத்தன்றே அது கையில் இருக்க வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டு, வரிக்கழிவை நீதிமன்றத்தில் இழந்தவர்கள் உண்டு. கனிம உரிமை வேறொருவர் கையில் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

பத்திரத்தின் சொற்களில் கஞ்சத்தனம் கூடாது. “விவசாயத்துக்குத் தேவையான கட்டடங்கள் கட்டலாம்” என்று ஒரே வரியில் முடித்தால், இருபது வருடம் கழித்து யாராவது களஞ்சியம் என்ற பெயரில் கல்யாண மண்டபம் கட்டுவார். 100 ஏக்கரில் வீடு எந்த 2 ஏக்கருக்குள், அதிகபட்சத் தளப்பரப்பு எவ்வளவு, செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்துக்குக் கான்கிரீட் தரை போடலாமா, சோலார் பலகை எங்கே என்பதையெல்லாம் வரைபடத்தோடு எழுத வேண்டும்.

கையெழுத்தாகும் முன்பே நிலத்தின் அன்றைய நிலையை ஆவணமாக்குவார்கள். வேலி, பாதை, கட்டடம், ஓடை, மரங்களின் வகை எல்லாம் அதில் வரும். படம் எடுத்த ஒவ்வோர் இடத்துக்கும் ஜிபிஎஸ் புள்ளி, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, தேதி மூன்றும் வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். திசை எழுதாத படத்தால் பின்னாளில் பயனே இல்லை. “இந்தப் பாதை அப்போதே இருந்தது” என்று ஒருவர் சொன்னால் மறுக்க வேறு சாட்சி கிடையாது.

பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே எழுதி, முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு நடப்பது நல்லது. நடுக்காட்டைவிட எல்லையோரத்தில்தான் கண் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வெட்டிய புல்லைக் கொட்டுவார், தோட்டத்தைப் பத்தடி உள்ளே தள்ளுவார், பார்வைக்கு மறைக்கிறது என்று நாலு மரத்தைச் சாய்ப்பார். இலையுதிர்ந்த பருவத்தில் இதெல்லாம் தெளிவாகத் தெரியும். ஓர் ஆண்டு போகாமல் விட்டால், “இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது வருகிறீர்களே” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். பெரும்பாலான மீறல்கள் பேச்சிலும் ஒரு கடிதத்திலும் முடிந்துவிடும். வழக்கு கடைசி வழி.

இதற்கெல்லாம் காசு? ஒரு நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆண்டுக்கு 800 டாலர் ஆகிறது, முதலீட்டில் 4 சதவீதம் எடுக்கலாம் என்று வைத்தால், 20,000 டாலர் வைப்புநிதி வேண்டும். வழக்குச் செலவுக்காக டிரஸ்டுகளே சேர்ந்து டெராஃபர்மா என்ற காப்பீட்டு நிறுவனத்தை 2013 முதல் நடத்துகின்றன. வைப்புநிதி இல்லாமல் ஈஸ்மென்டுகளை வாங்கிக் குவிக்கும் டிரஸ்டிடம் நிலத்தைக் கொடுக்காமல் இருப்பதே மேல் என்பேன்.

டிரஸ்டுக்கே சொந்தமான நிலம் என்றால் பராமரிப்பும் அதன் தலையில். வேலி போட்டுச் சும்மா விட்டால் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பது பாதி உண்மைதான். வடகிழக்கு மாநிலங்களில் புல்வெளியை அப்படி விட்டால் சில ஆண்டுகளில் புதராகி, தரையில் கூடு கட்டும் பாபலிங்க் போன்ற பறவைகள் போய்விடும். ஜூன் மாதம் வெட்டினாலோ குஞ்சுகள் கத்தியில் மாட்டும். அதனால் குஞ்சுகள் பறந்த பிறகு, ஆகஸ்ட் வாக்கில் வெட்டுவார்கள். ஜப்பானிய நாட்வீட் என்ற களைச்செடி இன்னும் மோசம். வேர்த்தண்டில் சிறு துண்டு விழுந்தாலும் முளைக்கும் என்பதால், ஓடைக்கரையில் அதை யந்திரத்தால் அடித்தால் வெள்ளம் துண்டுகளை அடித்துப்போய்க் கீழே புதிதாக நட்டுவிடும்.

நிலம் கைமாறும் காலத்தில்தான் அதிகம் உஷாராக இருக்க வேண்டும். மனமுவந்து எழுதிக் கொடுத்தவர் மீறுவது அபூர்வம். அவரிடம் வாங்கியவர் பத்திரத்தைப் படித்திருக்கக்கூட மாட்டார். ஆகவே பதிவு அலுவலகத்தில் பெயர் மாற்றங்களை அவ்வப்போது பார்த்து, புதியவர் குடிவந்த சில வாரங்களுக்குள் போய், எதைச் செய்யலாம், எதற்கு முன்அனுமதி வேண்டும், எது கூடவே கூடாது என்று ஒரே பக்கத்தில் எழுதிய தாளையும் வரைபடத்தையும் கொடுத்துவிட வேண்டும். அவர் ஜேசிபியை வரவழைப்பதற்கு முன்னால்.