பாசிக்குடாவில் லீவு வீடு: அட்வான்ஸ் போடுமுன் பார்க்க வேண்டியவை

ஓகஸ்ட் லீவுக்குக் குடும்பத்தோடு தங்க, கிழக்கிலங்கையில் பாசிக்குடாப் பக்கம் ஒரு வீடு தேடினோம். ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. கடலுக்கு நடக்கிற தூரம், இரண்டு அறை, வளவுக்குள் வாகனம் விட இடம், எல்லாம் சொன்னபடியே இருந்தன. அதைப்பற்றி எழுத வேறொன்றுமில்லை. எழுத வேண்டியது, அதற்கு முன் இலவச விளம்பரத் தளங்களிலும் பேஸ்புக்கிலும் அகப்பட்ட போலிகளைப் பற்றித்தான். லண்டனில் இருக்கிற தம்பி, பெரியம்மாவின் மகன், ஊரில் இருக்கிற எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அப்படியொரு விளம்பரத்துக்கு அட்வான்ஸ் போட்டுவிட்டான். அந்தக் காசுக்காக ஏறி இறங்கிய இடங்களில் பட்ட எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

எங்களுக்கு அகப்பட்ட போலிகளில் வீடு பொய்யாக இருந்தது குறைவு. படம் உண்மையான வீட்டினுடையது, விலாசம் உண்மையானது, சிலதில் வீட்டுக்காரரின் பெயர்கூட சரி. போன் நம்பரும் வங்கிக் கணக்கும் மட்டும் வேறு ஆளுடையவை. ஆகவே கூகுள் வரைபடத்தில் வீட்டைக் கண்டுவிட்டோம் என்று திருப்திப்படுவதில் பிரயோசனமில்லை. போனில் கதைக்கிற ஆளுக்கும் அந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான் பிடிக்க வேண்டும்.

அதற்கு முன், படத்திலேயே கழிந்துபோகிறவை சில உண்டு. நம்முடைய கிழக்குக் கரையில் சூரியன் கடலில் உதிக்கும். மறைவது தரைப் பக்கம். “பாசிக்குடா மாலைக் காட்சி” என்று கடலுக்குள் சூரியன் இறங்குகிற படம் போட்டிருந்தால் அது இந்தக் கரையில் மாலையில் எடுத்ததில்லை. கல்லடியில் வாவியைப் பார்த்த வீடு என்றால் மாலைச் சூரியன் தண்ணீரில் விழும், அது சரி. ஆனால் வாவிக்கு அலை இல்லை. பாசிக்குடாக் குடாவும் தூரம்வரை ஆழம் குறைந்த, அமைதியான தண்ணீர். ஆளுயர அலையோடு “வாசலில் பாசிக்குடாக் கடல்” என்றால் சந்தேகப்படுங்கள். தூரக் கணக்கையும் பாருங்கள். ஒரு விளம்பரத்தில் “மட்டக்களப்பு நகரம், பாசிக்குடாவுக்கு 5 நிமிடம், அறுகம்பேக்கு 20 நிமிடம்” என்று இருந்தது. நகரத்திலிருந்து பாசிக்குடா வடக்கே 30 கி.மீ.க்கு மேல், அறுகம்பே தெற்கே 100 கி.மீ. தாண்டி, பொத்துவிலுக்கும் அப்பால், அம்பாறை மாவட்டத்தில். இதை எழுதியவன் கிழக்குப் பக்கம் வந்ததே இல்லை.

படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்கிற விஷயம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் முழுப்படத்தையும் போட்டால் பலவேளை ஒன்றும் வராது, ஏனென்றால் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டியிலோ டிவியிலோ உள்ள எழுத்து கண்ணாடியில் தெரிவது மாதிரி இடம் வலம் மாறி இருந்தால் அதுதான் அடையாளம். போனிலேயே படத்தைத் திருப்பி, யன்னல் கிறில், தரை ஓடு, திரைச்சீலை என்று ஒரு துண்டை மட்டும் வெட்டித் தேடுங்கள். “கல்குடா வீடு” ஒன்று இந்த வேலையில் நீர்கொழும்பு விடுதியாக மாறியது.

விலை குறைவென்றால் மோசடி என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. கிழக்கில் ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்றும் மழையும். டிசம்பரில் கடற்கரை வீடு பாதி விலைக்கு வந்தால் அதில் அதிசயமில்லை. அறுகம்பேயில் சீசன் முடிந்ததும் சில இடங்களைப் பூட்டியே விடுவார்கள். அதே விலையை ஓகஸ்டில், பள்ளிக்கூட லீவில், அதுவும் சனி ஞாயிறுக்குச் சொன்னால்தான் யோசிக்க வேண்டும். பக்கத்துக் கெஸ்ட் ஹவுஸ் இரண்டுக்குப் போன் அடித்து அதே திகதிக்கு விலை கேளுங்கள். ஊர் விலை தெரிந்துவிடும்.

இனி ஆள். விளம்பரத் தளத்துக்குள்ளேயே கதைக்க மாட்டார், உடனே வட்ஸ்அப்புக்கு இழுப்பார். அதுமட்டும் குற்றமில்லை, நல்ல வீட்டுக்காரரும் அப்படித்தான். ஆனால் வட்ஸ்அப்பில் முதல் வேலையாகச் செய்தி தானாக அழிகிற வசதியை 24 மணித்தியாலத்துக்குப் போட்டால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வாடகை கதைக்கிற ஆளுக்கு அது எதற்கு? “நான் கனடாவில், திறப்பு கெயார்டேக்கரிடம்”, “இன்னும் மூன்று பார்ட்டி கேட்டுக்கொண்டு நிற்குது, இண்டைக்கு அட்வான்ஸ் போட்டா உங்களுக்குத்தான்” என்ற இரண்டும் அடுத்தடுத்து வரும். நாங்கள் கெயார்டேக்கரின் நம்பரைக் கேட்டோம். வந்த நம்பரில் அதே குரல், கொஞ்சம் தடிப்பாக.

நம்பிக்கைக்காக என்று அடையாள அட்டைப் படத்தைத் தாங்களாகவே அனுப்புவார்கள். அதை வாங்கி வாசியுங்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் வி அல்லது எக்ஸ் எழுத்தும். முதல் 2 இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த 3 அந்த ஆண்டில் எத்தனையாவது நாள். பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 85க்குப் பிறகு 612 வந்தால் 1985இல் 112ஆம் நாள் பிறந்த பெண். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக எண்ணுவதால் அது ஏப்ரல் 21. புதிய 12 இலக்க அட்டையில் ஆண்டு 4 இலக்கம், மற்றக் கணக்கு அதேதான். எங்களுக்கு வந்த அட்டையில் ஆணின் பெயர், ஆணின் படம், நாள் இலக்கமோ 500க்கு மேல். பெயரையும் படத்தையும் மாற்றியவர் இலக்கத்தை மறந்துபோனார். ஆனால் கணக்குச் சரியாக வந்தாலும் அட்டை அவருடையதுதான் என்று எடுக்க வேண்டாம். முன்பு ஏமாந்த ஒருவர் “உங்கட ஐடியையும் அனுப்புங்க” என்று இவர்கள் கேட்டதும் அனுப்பிய அட்டையாக இருக்கும்.

இதனால் இப்போது நாங்கள் அட்டையை விட மின்சார மீற்றரைத்தான் நம்புகிறோம். முதலில் கடைசி மாத மின்சாரபில்லின் படத்தைக் கேளுங்கள். பெயரையும் விலாசத்தையும் பார்த்துவிட்டு, மீற்றர் வாசிப்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வீடியோ கோல். படம், பதிவு செய்த வீடியோ, பேப்பரில் திகதி எழுதிப் பிடித்த போட்டோ எதுவும் வேண்டாம். அவையெல்லாம் இப்போது போனிலேயே செய்யலாம். கோல் போகும்போதே றோட்டில் நின்று கேற்றைக் காட்டச் சொல்லுங்கள், உள்ளே வரச் சொல்லுங்கள், மீற்றர் பெட்டிக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லுங்கள். இப்போதைய இலக்கம் பில்லில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், ஆனால் ஆயிரக்கணக்கில் தள்ளி இருக்கக் கூடாது. கூரையில் சோலார் இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது மீற்றரில் உள்ள இலக்கத் தகட்டைப் பில்லோடு ஒப்பிட முடிகிறதா என்று பாருங்கள்.

போலிகள் இந்த இடத்தில் நிற்பதில்லை. “சிக்னல் இல்ல அண்ணா”, “கெமரா உடைஞ்சு போச்சு”, “எங்கள நம்பாட்டி விடுங்க”. கடைசியில் நாங்கள் எடுத்த வீட்டில் இதைக் கேட்டபோது அங்கே காவலுக்கு நின்ற வயதான ஐயா, “மீற்றரையா பாக்கப் போற மனே? வா, காட்டுறன்” என்று சிரித்துக்கொண்டே போனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வழியில் கிணற்றையும் காட்டி, தண்ணி கொஞ்சம் உவர், குடிக்க வேறு தண்ணி வரும் என்றும் தானாகச் சொன்னார். குறையைக் கேட்காமலே சொல்கிற ஆளிடம் காசு போடப் பயமில்லை.

கெஸ்ட் ஹவுஸ் என்றால் வேறு வகைப் பித்தலாட்டம். நல்ல பெயருள்ள ஒரு விடுதியின் படங்களையும் பெயரையும் எடுத்து, நம்பரை மட்டும் தன்னுடையதாகப் போட்டு விளம்பரம் வரும். விடுதியைப் பற்றி எங்கே தேடினாலும் நல்லதாகவே சொல்வார்கள். விளம்பரத்து நம்பரை விட்டுவிட்டு விடுதியின் பெயர்ப்பலகையில் உள்ள நம்பருக்கு அடியுங்கள். மட்டக்களப்பென்றால் 065, அறுகம்பேயென்றால் 063 என்று தொடங்கும் தரைவழி இலக்கம் இருந்தால் இன்னும் நல்லது. வரைபடத்தில் உள்ள நம்பரை யாரும் திருத்தம் போட்டு மாற்றப் பார்க்கலாம் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பாசிக்குடாவிலோ வாழைச்சேனையிலோ தெரிந்த ஓட்டோக்காரர் இருந்தால், போகிற வழியில் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் இணையத்தளத்தில் பதிவு செய்த தங்குமிடங்களின் பட்டியல் உண்டு. 1912க்கு அழைத்தும் விசாரிக்கலாம். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் கள்ளன் என்று அர்த்தமில்லை, வீட்டில் இரண்டு அறை விடுகிற பலர் பதிவே செய்வதில்லை. ஆனால் “நாங்க பதிவு செஞ்ச ஆக்கள்” என்று சொல்லி ஒரு இலக்கத்தையும் தந்து, அது பட்டியலில் இல்லாவிட்டால் அதோடு கதை முடிந்தது.

காசு. வங்கிச் செயலியில் வேறு வங்கிக்கு அனுப்பும்போது நாம் அடிக்கிற பெயர் பெரும்பாலும் ஒப்புக்குத்தான்; காசு போவது கணக்கு இலக்கத்துக்கு. “வீட்டுக்காரர் பெயரை அடிச்சன், காசு போச்சு, அப்ப அவருடைய கணக்குத்தானே” என்பதுதான் தம்பி சொன்ன நியாயம். அப்படியில்லை. அவர்கள் கணக்கு வைத்திருக்கிற வங்கியின் காசு வைப்பு இயந்திரத்துக்குப் போய் கணக்கு இலக்கத்தை அடித்தால், காசு போடுமுன் கணக்குக்காரரின் பெயர் முழுதாகவோ பாதியாகவோ பெரும்பாலும் திரையில் வரும். பார்த்துவிட்டு ரத்துச் செய்துவிட்டு வரலாம், ஒரு சதமும் செலவில்லை. பில்லிலும் கணக்கிலும் அட்டையிலும் ஒரே பெயர் வர வேண்டும். “மனிசிட கணக்கு”, “மச்சானிட கணக்கு” என்றால் அட்வான்ஸ் இல்லாமல் வருகிறோம் என்று சொல்லுங்கள். ஈசி காஷ், எம் காஷ் என்று போன் நம்பருக்குக் காசு கேட்டாலும் அதே பதில்தான்.

அட்வான்ஸ் எவ்வளவு என்பதில் பேரம் பேசலாம். ஒரு இரவு வாடகைக்கு மேல் நாங்கள் போடுவதில்லை. திகதி, மொத்த வாடகை, மிச்சம் எப்போது, வராவிட்டால் அட்வான்ஸ் திரும்புமா என்று வட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக எழுதி, அதற்கு “சரி” வாங்கிய பிறகே போடுவோம். ஏயார்பிஎன்பி மாதிரித் தளத்தில் கண்ட வீட்டுக்கு வெளியே கட்டினால் விலை குறைப்போம் என்று சொல்வார்கள். வெளியே கட்டிய காசுக்கு அந்தத் தளம் பொறுப்பில்லை. அவர்கள் அனுப்பும் கட்டண இணைப்பையும் தொட வேண்டாம், செயலியை நீங்களே திறந்து கட்டுங்கள்.

இனித் தம்பியின் காசு. அவன் இங்குள்ள தன்னுடைய சேமிப்புக் கணக்கிலிருந்து செயலியால் போட்டது. உடனடிப் பரிமாற்றம் என்றால் அடுத்த நிமிடமே அங்கே ஏடிஎம்மில் எடுத்துவிடலாம். காசு போன வங்கியின் கிளைக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் திரையைக்கூடப் பார்க்கவில்லை. “நீங்க எங்கட கஸ்டமர் இல்லையே தம்பி, உங்கட வங்கியில போய்ச் சொல்லுங்க.” முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னாலும் முறை அதுதான்: அனுப்பிய வங்கிதான் பெற்ற வங்கிக்கு எழுத வேண்டும். அனுப்பிய வங்கியிலோ கணக்குக்காரரே முறைப்பாடு செய்ய வேண்டும் என்றார்கள், அவனோ லண்டனில். இதைத் தெரிந்திருந்தால் கிளைகளுக்கு அலைந்திருக்கத் தேவையில்லை. ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே அவன் அங்கிருந்து வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு அடித்து, பரிமாற்ற இலக்கத்தைச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கம் ஒன்றை வாங்கியிருந்தால் அங்கே காசு மிச்சம் இருந்தாலும் இருந்திருக்கும்.

பொலிசில் முதலில் “இது சிவில் பிரச்சினை, கோட்டுக்குப் போங்க” என்றார்கள். இல்லை. வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தராவிட்டால் அது சிவில். வீட்டோடு சம்பந்தமே இல்லாத ஆள் வீட்டுக்காரர் என்று நடித்துக் காசு வாங்கினால் அது தண்டனைச் சட்டக் கோவைப்படி ஏமாற்றுதல் என்ற குற்றம். அந்தச் சொல்லையே சொல்லி, உண்மையான வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனபோதுதான் முறைப்பாட்டை என்ட்ரி போட்டார்கள். அவருக்கும் இதில் கோபம், அவருடைய வீட்டுப் பெயரும்தானே கெடுகிறது. அடுத்துக் கேட்டது விளம்பரத்தை. அது அதற்குள் அழிக்கப்பட்டுவிட்டது. நல்லகாலம், முகவரிப் பட்டையும் விளம்பர இலக்கமும் தெரிகிற மாதிரி அவன் ஒரு ஸ்கிரீன்ஷொட் வைத்திருந்தான். வட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷொட்டாக மட்டும் வைக்காமல் “எக்ஸ்போர்ட்” செய்து கோப்பாகவும் எடுத்து வையுங்கள். திகதியும் நேரமும் வரிக்கு வரி வரும். என்ட்ரியின் பிரதியை வாங்காமல் வர வேண்டாம், வங்கி அதைத்தான் கேட்கும். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற இலங்கை சேர்ட்டுக்கும் 101இல் சொல்லலாம்; போலிப் பக்கம், போலிக் கணக்குப் போன்றவற்றுக்கு என்ன செய்வதென்று சொல்வார்கள். காசு எடுத்துத் தருவது அவர்கள் வேலையில்லை.

காசு இன்னும் வரவில்லை. ஆனால் பேஸ்புக்கில் அவன் நடந்ததை எழுதிய பிறகு, “சைபர் பிரிவில் இருக்கிறம், உங்கட காசை மீட்டுத் தரலாம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கோ” என்று ஒரு செய்தி வந்தது. ஓடிபி ஒன்று வரும், அதைச் சொன்னால் போதுமாம். ஒருமுறை ஏமாந்தவரின் நம்பர் அடுத்த கூட்டத்துக்குக் கைமாறும், இதை எதிர்பார்த்தே இருங்கள். அவன் அந்தப் போலி வீட்டுக்காரனுக்குத் தன் அடையாள அட்டையை ஏற்கெனவே அனுப்பியிருந்தது வேறு தலையிடி. யாருக்கும் அட்டைப் பிரதி அனுப்ப வேண்டி வந்தால் படத்தின் குறுக்கே, இலக்கத்தின் மேலேயே படும்படி, “பாசிக்குடா வாடகைக்கு மட்டும்” என்று திகதியோடு எழுதி அனுப்புங்கள். புதிதாகச் செய்தி போட்டவனின் நம்பரையும் முறைப்பாட்டில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.