ஈரப்பதம் 17

பெரியப்பா பாட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது என்று நேற்றிலிருந்து ஓயாமல் போன். "உங்க பெரியப்பா எப்பய்யா பாட ஆரம்பிச்சாரு?" அவர் எங்கே பாடினார்? திட்டினார். மருமகன் அதற்குக் கிடார் வாசித்தான். நடந்தது அவ்வளவுதான்.

எல்லாம் திருவையாற்றில் ஆரம்பித்தது. இந்த முறை தியாகராஜர் ஆராதனைப் பஞ்சமி சனிக்கிழமையில் விழுந்துவிட்டது. பொங்கலுக்கு வந்த அக்கா மகன், அந்தச் சிகாகோ மருமகனும் இன்னும் கிளம்பவில்லை. அக்கா விடுவாளா? விடியும் முன்னே மொத்தப் படையும் வேனில் ஏறியாயிற்று. பெரியம்மா வழக்கம்போல முதலில் போய் நின்றது தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டிய நாகரத்தினம்மாள் சிலை முன்னால். "நகை நட்டை வித்து ஒருத்தி இவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கா, நீங்க ஒரு கிரைண்டர் ரிப்பேர் பண்ண மாட்டேங்கறீங்க" என்று பெரியப்பாவுக்கு அங்கேயே ஒரு குட்டு.

பந்தலில் இடம் கிடைத்தது. என்ன பிரயோஜனம்? முன்னால் ஒருவர் டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துவிட்டார். இத்தனை வித்வான்களையும் நான் அவர் திரையில்தான் பார்த்தேன். டிவி நேரலையில் பார்த்திருந்தால் காபியாவது கிடைத்திருக்கும். பக்கத்து மாமி பஞ்சரத்தினக் கீர்த்தனைகளுக்கு நாட்டையில் தொடங்கி கௌளை, ஆரபி, வராளி தாண்டி ஸ்ரீராகம் முடியும்வரை தாளம் போட்டது என் முழங்காலில். கேட்டால், "அடடா, உங்க காலா?"

வெளியே வந்து அசோகா சாப்பிடும்போது மருமகன் சொன்னான். "எங்க ஊர் ப்ளூஸ் திருவிழாவும் இப்படித்தான் தாத்தா. ப்ளூஸ்னா அமெரிக்கக் கறுப்பின மக்களோட குறைப்பாட்டு. டிக்கெட் கிடையாது, பார்க்குல பாயைப் போட்டு உட்காரலாம். 1984-லேர்ந்து நடக்குது. ஜூன் மாசம்."

"ஜூனா? மேட்டூர் திறக்கிற மாசத்துல எவன்டா பாட்டுக் கேக்கப் போவான்?"

"அந்தப் பாட்டு பொறந்ததே டெல்டாவுலதான். மிசிசிப்பி டெல்டா."

"அங்க என்ன போடுறான்? நெல்லா?"

"பருத்தி."

பெரியப்பா தொன்னையைக் கீழே வைத்தார். "பருத்தி போட்டா பாட்டு வரத்தான் செய்யும்."

அவருக்கு அதில் பிடிப்பு வந்தது டிராக்டர் பேச்சில்தான். மட்டி வாட்டர்ஸ் என்று ஒருவர், பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர், 1943-இல் சிகாகோவுக்கு ரயிலேறிப் பெரிய ஆளானார் என்றான். பி.பி. கிங் அதற்கும் மேல். 1946-இல் பண்ணை டிராக்டரை ஷெட்டில் விடும்போது புகைக்குழாயை உடைத்துவிட்டு, முதலாளிக்குப் பயந்து மெம்பிஸுக்கு ஓடிப்போனாராம்.

பெரியப்பா அப்படியே நின்றுவிட்டார். ஆடியில் நம்ம டிரைவர் டிராக்டரில் மாட்டும் ரோட்டவேட்டரை வரப்புக் கல்லில் விட்டு உடைத்து, அட்வான்ஸ் மூவாயிரத்தோடு திருப்பூருக்கு ஓடியிருந்தான். "அப்ப அவனும் பாடகனாயிடுவான்ங்கறியா?"

அப்புறம் சாயங்காலம் ஊருக்கு வந்தால் களத்தில் நெல் குவியல் அப்படியே கிடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. தை மாதப் பனியில் மனிதனுக்கே 17-க்கு மேல் இருக்கும், நெல் என்ன செய்யும்? பெரியப்பா தார்ப்பாயை உதறிக்கொண்டே ஆரம்பித்தார். மருமகன் குவியல் ஓரம் உட்கார்ந்து கிடாரைச் சுதி சேர்த்தான். "தாத்தா, சொன்னதையே இன்னொரு தரம் சொல்லுங்க. மூணாவது வரியில பதில் வரணும். ப்ளூஸ் அவ்வளவுதான்."

இன்னொரு தரம் சொல்ல அவருக்குச் சொல்லியா தரவேண்டும்?

"ஈரம் 19-ங்கறான்... ஈரம் 19-ங்கறான்... நெல்லை மெஷின்ல கொட்டிட்டு, டீயைக் குடிச்சுக்கிட்டே 19-ங்கறான்!"

அச்சு அசலாக உட்கார்ந்தது. அடுத்ததில்தான் தகராறு. வேன் வாடகை, சாக்கு, சுமைக்கூலி என்று பெரியப்பா போய்க்கொண்டே இருக்கிறார். "தாத்தா, தாளக் கணக்குல ஒரு சுற்றுக்கு 12 பார்தான், அதுக்குள்ள முடிக்கணும்." "எனக்கு 12 பத்தாது. நான் முடிக்கிற வரைக்கும் நீ வாசி."

சத்தம் கேட்டுக் கோடி வீட்டுச் சித்தப்பா வந்தார். அவருக்கு மயில். விதைத்ததை எல்லாம் மயில் தின்கிறது, அடித்தால் கேஸ். எதிர்வீட்டு ஆச்சிக்கு மகன் போன் பண்ணாத குறை. அதை மூன்றாவது வரியில் மருமகள் தலையில் கட்டினார். வைக்கோல்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து வரிசையில் நின்றார். சொன்னால் நம்பமாட்டீர்கள், எட்டு மணிக்குக் களத்தில் ஆராதனைப் பந்தலைவிடக் கூட்டம், ஒருவர் கையிலும் டேப்லெட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவிலிருந்தும் குறைகளோடு வந்துவிட்டார்கள்.

பெரியம்மா மட்டும் வாசப்படியை விட்டு இறங்கவில்லை. "நாப்பது வருஷமா ஒரே வரியை ரெண்டு ரெண்டு தரம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். எனக்கு எவனும் கிடார் வாசிக்கல."

டிரைவர் பற்றியும் ஒரு பாட்டு போனது. வீடியோவில் அதுதான் நன்றாக விழுந்திருக்கிறது. விழுந்தது எனக்கு வினை. கண்ட உறவுக்காரர்களும் "எங்க வாய்க்கால் பிரச்சினையையும் சேர்க்கச் சொல்லு" என்கிறார்கள். பெரியப்பாவிடம் நேராகக் கேட்கப் பயமாம், என் நம்பர்தான் இளிச்சவாயன் நம்பர்.

இன்று காலை பெரியப்பா போனுக்கு ஒரு புது எண். ஸ்பீக்கரில் போட்டுதான் பேசுவார். "ஐயா, நாந்தான். பாட்டுக் கேட்டேன்..."

பெரியப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. இதோ வெடிக்கப்போகிறது என்று நான் தள்ளி உட்கார்ந்தேன்.

"பிளேடு போனாப் போவுதுடா. பொங்கலுக்குக்கூட வரல நீ. சாப்புடறியா ஒழுங்கா?"

"சாப்புடறேங்கய்யா."

"அறுப்பு பாதி கெடக்கு. வந்து சேரு." கொஞ்சம் நிறுத்தி, "அந்த மூவாயிரத்தைக் கழிச்சுக்குவேன், சொல்லிட்டேன். கழிச்சுக்குவேன்" என்றார்.